பார்க்கிறவர் உட்காரும் இடம்

"யாரு பார்க்கப் போறா?"

புரொஜெக்டர் வாங்க வருகிற எவரிடமும் அவள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். எத்தனை வெள்ளி விலை வரைக்கும் போகலாம் என்று கேட்கமாட்டாள். எந்த நாட்டுத் தயாரிப்பு வேண்டும் என்றும் கேட்கமாட்டாள். வந்தவர் தம் கைப்பேசியில் குறித்துவைத்திருக்கும் வெளிச்ச அளவுகளையும் எண்களையும் வாசிக்கத் தொடங்கினால், ஒரு கையை மெல்ல உயர்த்தி நிறுத்திவிடுவாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். யாரு பார்க்கப் போறா? எங்க உக்காந்து?"

வயதில் என்னைவிடப் பதினைந்து ஆண்டு இளையவள். அந்த உரிமையில் அவள் என்றே எழுதுகிறேன். பெயரை எழுதப்போவதில்லை, எழுதினால் கூச்சப்படுவாள். ஜார்ஜ்டவுனின் நடுவே, மின்தூக்கி அடிக்கடி நின்றுபோகும் பழைய வணிக வளாகம் ஒன்றின் மூன்றாம் மாடியில் அவர்களுடைய கடை இருந்தது. அண்ணனும் தங்கையுமாக நடத்தினார்கள். கல்லாவில் அண்ணன் இருப்பார். அவள் பெரும்பாலும் வெளியில் இருப்பாள். "என் தங்கச்சி இந்தக் கடையில உக்காந்ததவிட ஊரான் வீட்டுல உக்காந்ததுதான் அதிகம்," என்று அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் குறைபட்டுக்கொள்வார். குறை என்றாலும் அது உண்மையான விவரம்.

புரொஜெக்டர் வேண்டும் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அவள் அவருடைய இடத்துக்குப் போவாள். போனதும் அளவுநாடாவை எடுக்கமாட்டாள். பார்க்கப்போகிறவர்கள் எங்கே உட்காருவார்களோ அங்கே, எப்படி உட்காருவார்களோ அப்படி, உட்கார்ந்துகொள்வாள். பேசமாட்டாள். பத்து நிமிடம், இருபது நிமிடம், சில இடங்களில் ஒரு மணி நேரம். அதன் பிறகுதான் எழுந்து அளப்பாள். "மெசின் கடையில இருக்கு, ஓடிப் போவாது," என்பாள்.

நான் அவளை முதலில் கண்டது, ஜார்ஜ்டவுன் இருக்கும் தீவுக்கு எதிர்க்கரையான பெருநிலத்தில், சுங்கை பாக்காப் பக்கம் நான் கடைசியாகப் பணியாற்றிய தமிழ்ப்பள்ளியில். மண்டபத்துக்கு ஒரு புரொஜெக்டர் வாங்குவதென்று முடிவாகி, நூலகப் பொறுப்பில் இருந்த என்னிடம் அந்த வேலை வந்து சேர்ந்தது. எதை வாங்குவது என்று தலைமையாசிரியர் முன்பே தீர்மானித்துவிட்டிருந்தார். கிடைப்பதிலேயே வெளிச்சம் கூடியது. விலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகத்தான் அவளை வரச்சொல்லியிருந்தோம். அவளோ மண்டபத்துக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். மேடைக்கு முன்னால் போய்த் தரையில் சம்மணம் போட்டு அமர்ந்தாள். முதுகை வளைத்துத் தன் உயரத்தையும் குறைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, நாற்காலி போடச் சொல்லவா?" என்றார் தலைமையாசிரியர்.

"வேணாம் சார். ஒண்ணாம் ஆண்டுப் பிள்ளைங்க தரையிலதானே உக்காருவாங்க?"

"அது... ஆமா."

"அப்ப இப்போதைக்கு நானும் ஒண்ணாம் ஆண்டுதான்."

முதல் வரிசையில் கால் மணி நேரம், நடு வரிசையில் கால் மணி நேரம், பிறகு ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் உட்காரும் கடைசி வரிசையில். எழுந்து வந்து சொன்னாள்: மேடைக்கு மேலே திரையை மாட்டினால் முன்வரிசைக் குழந்தைகள் அண்ணாந்தே பார்க்கவேண்டும், பத்து நிமிடத்தில் கழுத்து வலித்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கிழக்குச் சன்னல் இரண்டும் திறந்திருக்கிற வரைக்கும் எந்த வெளிச்சமும் போதாது. "மொதல்ல அந்த ரெண்டு சன்னலுக்கும் தடிச்ச துணியாப் போடுங்க சார். போட்டுட்டா நீங்க கேட்டதுல பாதி வெளிச்சம் உள்ள மெசினே போதும். துணி என்கிட்ட இல்ல. பாசார்ல துணிக்கடையில எடுத்துக்குங்க."

அவள் போனபின் தலைமையாசிரியர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "டீச்சர், இந்தம்மா யாவாரம் பண்ண வந்தாங்களா, பண்ணாம இருக்க வந்தாங்களா?"

துணி வாங்கினோம். பாதி விலை மெசின்தான் வாங்கினோம். அந்த மண்டபத்தில் பிள்ளைகள் படம் பார்க்கும்போது பேசியதாக எனக்கு நினைவில்லை.

அதன் பிறகு ஓர் ஆண்டு கழித்து, என் கணவரும் நானும் மதியச் சாப்பாட்டுக்குப் போன நாசி கண்டார் கடை ஒன்றில் அவளைப் பார்த்தோம். தனியாக ஒரு மேசையில் தேநீர்க் குவளையோடு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்துத் தலையசைத்தாள், பேச வரவில்லை. ஐந்து நிமிடம் கழித்துக் குவளையோடு அடுத்த மேசைக்குப் போனாள். அதன் பிறகு அதற்கடுத்த மேசைக்கு. சுவரில் ஏதோ பந்து விளையாட்டு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்களுக்குப் பந்து காட்டுவதற்காகக் கடைக்காரர் புரொஜெக்டர் வாங்கப்போகிறார் என்பதும், பின்சுவரிலிருந்து அவள் ஒன்றை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதும் பிறகுதான் விளங்கிற்று.

"அக்கா, இது ஆறாவது டீ," என்றார் கடைக்காரர் கல்லாவிலிருந்து. "டீயிலேயே என் கடை மூழ்கிரும் போல."

"பாய், இங்க வந்து பாருங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் அருகில் குனிந்து பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலயேக்கா. நல்லாத்தானே ஓடுது."

"நின்னு பார்த்தா நல்லாத்தான் ஓடும். உக்காருங்க. கோல்கீப்பரைப் பாருங்க. விசிறிக்கிட்டு நிக்கிறாரு."

கடைக்காரர் உட்கார்ந்தார். கூரையில் சுழன்றுகொண்டிருந்த காத்தாடியின் இறக்கைகள் புரொஜெக்டரின் ஒளிக்குக் குறுக்கே போய் வந்து, ஆட்டக்காரர்கள் எல்லோரையும் நிழலால் வெட்டிக்கொண்டிருந்தன. "அப்ப காத்தாடிய நிப்பாட்டிரலாமா?" என்றார்.

"நிப்பாட்டினா பந்து ஓடும். உங்க கடையில ஒருத்தனும் உக்கார மாட்டான் லா. சுவத்துக்குப் பக்கத்துலயே வச்சு ஓட்டற மெசின் ஒண்ணு இருக்கு. காத்தாடி அதுக்குப் பின்னால சுத்திக்கிட்டுக் கிடக்கட்டும்."

என் கணவர் மீன்தலைக் குழம்பைப் பிசைந்தபடி சொன்னார்: "இந்தம்மா டீ குடிச்ச மேசைக்கெல்லாம் போயி நான் ஒரு பிளேட் சாப்பிட்டுப் பார்க்கவா? கடைக்காரருக்கு இன்னும் துல்லியமாத் தெரியும்." அவர் அப்போது பட்டர்வொர்த் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிக்கொண்டிருந்தார். ஓய்வுக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. நாள் முழுவதும் வானத்தில் தொங்கும் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, தம் கால்களுக்கு நடுவே தெரியும் கப்பலின்மேல் கொள்கலன்களை இறக்குவதும் ஏற்றுவதும் அவர் வேலை.

அவளுடைய பழக்கம் எல்லா இடத்திலும் வேடிக்கையாக முடிந்ததில்லை. பாகான் டாலாமில் ஒரு கோவில் திருவிழாவுக்கு, வெளிப்பந்தலில் நிற்கும் பெண்களும் அபிஷேகத்தைப் பார்க்கவேண்டும் என்று நிர்வாகத்தார் பெரிய புரொஜெக்டர் கேட்டார்கள். அவள் முந்தின வெள்ளிக்கிழமையே போய், காலை பத்து மணி வெயிலில், அந்தப் பந்தலில் பூசை முடியும்வரை பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்திருந்தாள். வந்து, "பகல்ல சூரியனை எந்தப் புரொஜெக்டரும் செயிக்காது, தலைவரே. தானா ஒளி விடற திரை வாடகைக்குக் கிடைக்கும், அத எடுங்க," என்று சொல்லி, தங்கள் கடைக்கு எதிர்க்கடையான ஒரு சீனர் கடையின் எண்ணைக் கொடுத்துவிட்டாள். அண்ணன் மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

இன்னொரு வீட்டில் நடந்ததை அவளே என்னிடம் சொன்னாள். சொல்லும்போது சிரிக்கவில்லை. கூடத்துக்குப் புரொஜெக்டர் கேட்ட வீடு. சுவருக்கு நேராக ஒரு சாய்வு நாற்காலி இருந்திருக்கிறது. இவள் வழக்கம்போல் போய் அதில் அமர்ந்தாள். வீட்டார் முகம் வெளுத்துப் போயிற்று. அது இறந்துபோன தகப்பனாரின் நாற்காலி. ஏழு மாதமாக அதில் யாரும் உட்காரவில்லை. மூத்த மகன் சற்றுக் கடுமையாகப் பேசிவிட்டார். இவள் எழுந்து மன்னிப்புக் கேட்டாள். கேட்டதோடு விட்டிருக்கலாம். "இதுல யாரும் உக்காரப் போறதில்லன்னா, படத்தை இதுக்கு நேரா வைக்க வேணாம். நீங்க எல்லாம் எங்க உக்காருவீங்க, அதச் சொல்லுங்க," என்றிருக்கிறாள். வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

"தப்புதான் டீச்சர்," என்றாள் என்னிடம். "ஆனா அதுல உக்காந்தாத்தானே தெரியுது."

அவளிடம் எனக்கு அன்பு இருந்ததென்றாலும், அந்தப் பிடிவாதத்தைப் பற்றி ஒரு சங்கடமும் இருந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. பிறர் இடத்தில் போய் உட்காருவதற்கு ஓர் எல்லை உண்டு என்று நான் நினைத்தேன். எந்த எல்லை என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

என் கணவர் ஓய்வுபெற்ற மறு ஆண்டு, ஒரு காலை வேளையில், குளியலறை வாசலில் விழுந்தார். பக்கவாதம். வலப்பக்கம் செயலற்றுப் போயிற்று. பேச்சு முற்றாகப் போயிற்று. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் முன்னறைக்கு ஒரு மருத்துவக் கட்டில் வந்தது. கழுத்து இறுகிவிட்டதால் அவரால் தலையைத் திருப்ப இயலாது. அரைமணி நேரத்துக்கு மேல் உட்காரவைத்தால் இரத்த அழுத்தம் இறங்கிவிடும். ஆகவே நாளின் பெரும்பகுதியை அவர் மல்லாந்து படுத்தபடி, வெள்ளை பூசிய கூரையைப் பார்த்துக் கழித்தார். எதிர்ச்சுவரில் இருந்த தொலைக்காட்சி அவர் கண்ணுக்கு எட்டவில்லை.

நாங்கள் சொல்வது அவருக்குப் புரிகிறதா என்பதை மருத்துவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு கை அசைந்தது, இடக்கை. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டிலின் கம்பியை அதனால் இருமுறை தட்டுவார். மற்றபடி, எங்களுக்கும் அவருக்கும் நடுவில் பேச்சென்று ஒன்றும் இல்லை.

கோலாலம்பூரிலிருந்து மகன்தான் அந்தச் சிறிய புரொஜெக்டரை இணையத்தில் வாங்கி அனுப்பினான். கூரையில் படம் காட்டலாமே என்பது அவன் யோசனை, நல்ல யோசனை. கட்டிலருகே உள்ள சிறுமேசையில், ஒளி வரும் கண்ணாடி மேலே பார்க்கும்படி அதை நிமிர்த்தி வைத்து, ஆடாமலிருக்க இருபுறமும் இரண்டு அகராதிகளை அண்டக் கொடுத்தேன். அதன் ஒலிபெருக்கி கரகரத்தது, சத்தத்தை நிறுத்திவிட்டேன். பிறகு கட்டிலின் கால்மாட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, படம் நேராகத் தெரியும்வரை கருவியை இப்படியும் அப்படியும் திருப்பி, ஓட்டினேன்.

முதல் நாள் அவர் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மறுநாளும் அப்படியே. பறவைகளைக் காட்டினேன், கடலைக் காட்டினேன், எங்கள் கல்யாணப் படங்களைக் காட்டினேன். ஒரு நிமிடம், பிறகு மூடிய கண்கள்.

இரண்டு வாரம் இப்படிப் போனபின், வார இறுதியில் மகன் வந்தான். தன் மகளின் பிறந்தநாளன்று எடுத்த படத்தைக் கைப்பேசியிலிருந்து ஓட்டினான். அந்தப் பேத்தியை என் கணவர் தோளிலிருந்து இறக்கியதே இல்லை. மகன் என் பக்கத்தில் கால்மாட்டில் நின்று தந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பேத்தி மெழுகுவத்தியை ஊதுவதற்கு முன்பே தாத்தாவின் கண்கள் மூடிக்கொண்டன.

அன்று மாலை சமையலறையில் அவன் மெதுவாகச் சொன்னான்: "அம்மா, பாப்பாவையே அவருக்குத் தெரியல."

நான் அடுப்பைத் தணித்தேன். அவனே தொடர்ந்தான்:

"எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ஹோம் பார்த்திருக்கேன். இருபத்து நாலு மணி நேரமும் நர்ஸ் இருக்காங்க. நீ எங்களோட வந்துரு, தினம் போய்ப் பார்க்கலாம். உன் முதுகும் போயிருச்சும்மா. இப்படியே எத்தன நாளைக்கு?"

"அவரு இந்த வீட்டுலதான்டா இருப்பாரு."

"அவருக்கு இது எந்த வீடுன்னு தெரிஞ்சா நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்மா."

அவன் பொல்லாதவன் இல்லை. அழுதுகொண்டேதான் சொன்னான். அடுத்த மாதத் தொடக்கத்தில் அந்த இல்லத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்றான். அதற்குள் ஏதாவது மாற்றம் தெரிந்தால் வேண்டாமென்று விட்டுவிடலாம் என்றும் சொன்னான். மாற்றம் தெரியாது என்றுதான் இருவரும் நினைத்தோம்.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது: ஒருவேளை படம் மங்கலாக இருக்கிறதோ என்னவோ. அவளுக்குத் தொலைபேசி செய்தேன். இன்னும் பிரகாசமான புரொஜெக்டர் ஒன்று வேண்டும், விலை எவ்வளவானாலும் சரி, இன்றைக்கே வேண்டும் என்றேன்.

"யாரு டீச்சர் பார்க்கப் போறா?"

சொன்னேன்.

"நாளைக்குக் காலையில வர்றேன்," என்றாள்.

வந்தவள் கைகளைக் கழுவிக்கொண்டு என் கணவரின் அருகில் போய், "அண்ணே, ஒரு அரைமணி நேரம் உங்க இடத்தைக் குடுங்க," என்று அனுமதி கேட்டாள். அவர் பதில் சொல்லும் நிலையில் இல்லை என்பது தெரிந்தும், பதிலுக்குக் காத்திருப்பதுபோல் சற்று நின்றாள். பிறகு, காலை உதவிக்கு வரும் பெண்ணும் அவளும் நானுமாக அவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றி, சன்னலோரம் நிறுத்தினோம்.

அவள் கட்டிலை நோக்கிப் போவதைக் கண்டதும் நான் பதறினேன். நோயாளியின் படுக்கையில் மற்றவர் படுப்பது நம்மிடையே கிடையாது. நானே, நாற்பது ஆண்டு அவரோடு படுத்தவள், இந்தக் கட்டில் வந்த நாள் முதல் அதில் ஒரு தடவைகூடத் தலை சாய்த்ததில்லை. கீழே பாய் விரித்துத்தான் படுத்தேன்.

"இரும்மா, விரிப்பையாவது மாத்திடறேன்."

"வேணாம் டீச்சர். அவரு எதுல படுக்கிறாரோ அதுலயே."

படுத்துவிட்டாள். அவருடைய தலையணை, அவருடைய தலை அழுத்திய பள்ளம். கைகளை இருபுறமும் அசைவில்லாமல் வைத்துக்கொண்டாள். கழுத்தை நேராக்கி, கூரையைப் பார்த்தாள்.

"ஓட்டுங்க."

பேத்தியின் பிறந்தநாளை ஓட்டினேன். ஒரு நிமிடம் போயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தாள். நான் அருகில் குனிந்தேன்.

"மங்கலா இருக்காம்மா?"

"மங்கல் இல்ல." கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "வச்ச நாள்லேருந்து இப்படியேதான் ஓடுதா டீச்சர்?"

"ஆமா."

எழுந்து கட்டிலைவிட்டு இறங்கினாள். விரிப்பின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டாள். "நீங்க படுங்க," என்றாள். குரலில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை.

படுத்தேன்.

கூரையில் என் பேத்தி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். மெழுகுவத்திகளின் சுடர் கீழ்நோக்கி ஒழுகிற்று. கூடியிருந்தவர்கள் எல்லோரும் தலையை ஊன்றி நடந்தார்கள். கண் இருக்கவேண்டிய இடத்தில் வாய் அசைந்தது. அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த முகம் யாருடையதென்று முன்கூட்டியே அறிந்திருந்த எனக்கே, அது யாரோ ஒரு பிள்ளையாகத்தான் தெரிந்தது. அரை நிமிடத்துக்குள் தலை சுற்றியது. என்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

பத்தொன்பது நாள். தலையைத் திருப்ப முடியாத, வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு மனிதருக்கு நான் பத்தொன்பது நாள் இதைக் காட்டியிருக்கிறேன். அவர் தமக்கு மிச்சமிருந்த ஒரே மறுப்பைச் செய்திருக்கிறார். அதை வைத்துத்தான் அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று நாங்கள் முடிவுகட்டினோம்.

அவள் அதற்குள் கால்மாட்டில் இருந்த என் நாற்காலியில் போய் அமர்ந்திருந்தாள். கூரையைப் பார்த்தாள். அங்கிருந்து படம் நேராகத் தெரியும். பிறகு கட்டிலில் கிடந்த என்னைப் பார்த்தாள்.

"இங்கேருந்து அவரு மூஞ்சி நல்லாத் தெரியும்," என்றாள்.

"ஆமாம்மா. அதுக்காகத்தான் அங்க உக்காந்தேன்."

"ஆமா," என்றாள் அவளும். எழுந்து, அகராதிகளை எடுத்துவிட்டு, கருவியை அரைவட்டம் திருப்பி வைத்தாள். அதன் காத்தாடி இரைச்சல் அவர் காதோரம் இருக்கிறதென்று மேசையை ஒரு முழம் நகர்த்தினாள். தொலைக்காட்சியருகே இருந்த சிறிய ஒலிபெருக்கி ஒன்றைக் கேட்டு வாங்கி இணைத்தாள். அந்த நேரத்தில் அவள் கைப்பேசி ஒலித்தது, அண்ணன்.

"யாவாரம் ஆச்சா?" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது.

"ஆவல. பழசே போதும்."

"நீ போன இடத்துல என்னைக்குத்தான் புதுசு வேணும்னு இருந்திருக்கு?"

"அண்ணே, வைங்க. வேலையா இருக்கேன்."

என் கணவரை மறுபடியும் கட்டிலுக்கு மாற்றினோம். படத்தை ஓட்டினாள். நான் கால்மாட்டுக்குப் போகவில்லை. அவர் தலைமாட்டில், கட்டிலோடு ஒட்டி நின்றேன். முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை; கூரையைப் பார்த்தேன். பேத்தி ஊதினாள், எல்லோரும் கைதட்டினார்கள், ஒரு பலூன் வெடித்தது. படம் முடிந்து கூரை நீலமாயிற்று.

கம்பியில் இருமுறை தட்டும் ஓசை கேட்டது.

தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு குனிந்தேன். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். மறுபடியும் தட்டினார், வேகமாக, பொறுமையில்லாமல். துறைமுகத்துக் காலத்தில் சாப்பாடு தாமதமானால் மேசையில் தட்டுவாரே, அப்படி.

"தண்ணி இல்ல டீச்சர்," என்றாள் அவள் மெல்ல. "இன்னொரு தரம் ஓட்டச் சொல்றாரு."

அன்று அதை எட்டு முறை ஓட்டினோம்.

மகனுக்கு உடனே தொலைபேசியில் சொல்லிவிடத் துடித்தேன். அவள்தான் தடுத்தாள். "சொன்னா, அம்மா ஆசையில சொல்றாங்கன்னு நெனச்சுக்குவாரு. வரச் சொல்லுங்க. வந்ததும் படுக்க வைங்க."

சனிக்கிழமை மகன் வந்தான். தோள்பையில் அந்த இல்லத்தின் படிவங்கள் இருந்தன. அவனுடைய தந்தையைச் சன்னலோரம் மாற்றிவிட்டு, கருவியைப் பழைய நிலையில் திருப்பி வைத்து, அவனைக் கட்டிலில் படுக்கச் சொன்னேன். "என்னம்மா இது," என்று முனகிக்கொண்டே படுத்தான். தன் மகளைக் கூரையில் கண்டான். நான் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் அவன் புறங்கையால் கண்களை மூடிக்கொண்டான், நெடுநேரம் எடுக்கவில்லை. எழுந்து வந்து, கருவியைத் தானே நேராகத் திருப்பினான். தந்தையைத் தானே தூக்கிப் படுக்கவைத்தான். படம் முடிந்து கம்பியில் தட்டும் ஓசை கேட்டபோது, "ஓட்டறேன்பா, ஓட்டறேன். இருங்க," என்றான். படிவங்கள் பைக்குள்ளேயே கோலாலம்பூருக்குத் திரும்பிப் போயின. அதன் பிறகு மாதம் இருமுறை வந்தான். வரும்போதெல்லாம் பேத்தியை வைத்து எடுத்த புதுப் படம் ஒன்று கொண்டுவருவான்.

என் கணவர் அதன் பிறகு மூன்று ஆண்டுகள் அந்த முன்னறையில் எங்களோடு இருந்தார். அவளுடைய கடை இப்போது அங்கே இல்லை; அந்த இடத்தில் கைப்பேசி உறைகள் தொங்குகின்றன. பட்டர்வொர்த் பக்கம் போய்விட்டார்கள் என்று கேள்வி.

எங்கள் வீட்டில் அவள் எதையும் விற்கவில்லை. வந்துபோன கூலிகூட வாங்கிக்கொள்ளவில்லை. அந்த வருகைக்கு ஒரு மாதம் கழித்து ஒரு முற்பகலில் தொலைபேசியில் அழைத்தாள். படம் எப்படித் தெரிகிறது என்று கேட்பாள் என எண்ணினேன்.

"இப்ப நீங்க எங்க உக்காருறீங்க டீச்சர்?"

"அவரு தலைமாட்டுல. கட்டிலோட ஒட்டி."

"அங்கேருந்து அவரு மூஞ்சி தெரியாதே."

"தெரியாதும்மா," என்றேன். "சிரிச்சா கட்டில் ஆடுது."

கடைக்கு ஆள் வந்திருக்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.